குனிந்து திறக்கும் கதவு

போன வாரம் குளத்துப் பக்கம் நடக்கப் போனபோது சின்னவள் என்னைக் கேட்டாள்: "ஏம்ப்பா, இந்த கேட்டோட கொக்கியை மட்டும் இவ்வளவு கீழ வச்சிருக்கீங்க? பெரியவங்க எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு திறக்குறாங்க. அளவு தப்பிப் போச்சா?"

பெரியவன் சிரித்தான். "அப்பா வெல்டிங் பண்ணதுதானே, அப்படித்தான் இருக்கும்."

அளவு தப்பியது உண்மைதான் பிள்ளைகளா. ஆனால் இந்தக் கொக்கி சரியான அளவில்தான் இருக்கிறது. தப்பு நடந்தது இதற்கு முன்னால், இதே இடத்தில் நான் செய்து வைத்த இன்னொரு வாசலில். அப்போது சின்னவள் நடக்கவே ஆரம்பிக்கவில்லை. அந்தக் கதையை வாயால் சொன்னால் பாதியில் விளையாடப் போய்விடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

காட்டூரில் நாம் வாடகைக்கு இருக்கும் தெரு, குளத்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது. இந்தப் பக்கம் பெரும்பாலும் திருவெறும்பூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் கட்டிய மாடி வீடுகள். மேற்குக் கரையில் ஓட்டு வீடும் ஷீட்டு வீடுமாக ஒரே ஒரு வரிசை. அங்கே பாதிப் பேர் தெரு கூட்டும் வேலைக்குப் போகிறார்கள். மற்றவர்கள் ஆடு வளர்ப்பார்கள், துணி வெளுப்பார்கள், கட்டட வேலைக்குப் போவார்கள். இரண்டு கரைக்கும் நடுவில் குளம். தண்ணீர் ஒன்றுதான், ஆனால் நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை, அவர்கள் இந்தப் பக்கம் வேலைக்கு மட்டும் வருவார்கள்.

நம் தெருக்காரர்கள் சேர்ந்து குளத்தைச் சுத்தம் செய்ய ஒரு குழு வைத்திருந்தார்கள். நீங்கள் ஃபோர்மேன் தாத்தா என்று கூப்பிடுகிறவர்தான் தலைவர். தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல உயரம், நல்ல மனிதர், எதையும் நேரப்படி செய்வார். நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன், ஒரு சின்னப் பட்டறையில் வெல்டர். ஆனாலும் என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். வருகைப் பதிவு நோட்டையும் என் கையில் கொடுத்தார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை வேலை. ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுவோம், பிளாஸ்டிக் பொறுக்குவோம். மேற்குக் கரையிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். அவர்களை வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வாருங்கள் என்று போய்ச் சொன்னதும் இல்லை. நோட்டில் 'மேற்குக் கரை' என்று ஒரு வரி போட்டு, வாரா வாரம் அதற்கு நேரே 'வரவில்லை' என்று எழுதுவேன்.

ஒரு ஞாயிறு நான் மண்வெட்டியோடு கிளம்புகிறேன். நம் வாசலில் ஒரு அக்கா கூட்டிக்கொண்டிருந்தார். உங்களுக்கு ஆட்டுக்குட்டி தூக்கக் கொடுப்பாரே, அந்த அக்காதான். மேற்குக் கரையில்தான் வீடு.

"என்னண்ணே, மம்பட்டியோட கெளம்பிட்டீங்க? குளத்துக்கா?"

"ஆமாக்கா. நீங்களும் வரலாமில்ல?"

அவர் கையிலிருந்த நீள விளக்குமாற்றை எனக்கு முன்னால் நீட்டினார். "வரலாமே. இதை யாரு புடிப்பா? நீங்க புடிக்கிறீங்களா?"

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். குளத்துக்குப் போய் நோட்டைப் பிரித்து, மேற்குக் கரைக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அந்த வரிசையில்தான் உங்கள் தையல் அத்தையும் இருக்கிறார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு இரண்டு காலும் நடக்காமல் போய்விட்டது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில்தான் எங்கும் போவார். பிளவுஸ் தைப்பார். பால் கவரில் மண் நிரப்பி, நாவல், மருது, புங்கன், வேம்பு என்று தன் வாசலிலேயே கன்று வளர்ப்பார். இரண்டு வருஷம் வளர்த்த கன்றுகளை அந்த ஐப்பசி மழையில் குளக்கரை நெடுக நட்டிருந்தார்கள். குழி தோண்டியது ஆட்டுக்கார அக்கா, கன்றை வைத்தது தையல் அத்தை. எங்கள் குழுவுக்கு அது தெரியும். 'அந்தப் பக்கத்து ஆளுங்க ஏதோ கன்னு வச்சிருக்காங்க' என்ற அளவுக்குத் தெரியும்.

சாயந்திரம் ஆனால் அக்கா குளத்தில் குடம் குடமாக மொண்டு, வண்டியின் பின்னால் இருக்கும் இரண்டு கேன்களை நிரப்புவார். அத்தை கரை மேல் வண்டியை ஓட்டிக்கொண்டே போய், உட்கார்ந்த இடத்திலிருந்து ஒவ்வொரு கன்றுக்கும் மக்கில் ஊற்றுவார். ஒவ்வொரு கன்றிலும் ஒரு பிளவுஸ் துண்டு கட்டியிருக்கும். ஒரு ஞாயிறு ஃபோர்மேன் அதைப் பார்த்துவிட்டு, "கந்தல் துணியெல்லாம் கட்டித் தொங்க விட்டிருக்காங்க பாருங்கப்பா" என்றார். குப்பை என்று நினைத்து நாங்கள் அத்தனையையும் அவிழ்த்து மூட்டை கட்டினோம். நானும் அவிழ்த்தேன். அடுத்த வாரம் பார்த்தால் எல்லாக் கன்றிலும் மறுபடியும் புதுத் துணி. "சொன்னா கேக்கமாட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் சொல்லவே இல்லை என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

பங்குனியில் மேற்குக் கரை ஓரம் திடீரென்று ஒரு பெரிய குவியல். இடித்த செங்கல், சிமெண்ட் கட்டி, வெள்ளைப் பூப்போட்ட நீல டைல்ஸ். பக்கத்திலேயே கோழிக் கழிவு மூட்டைகள். குழு கூடியது. நம் பக்கம் படிக்கட்டு மட்டும்தான், எந்த வண்டியும் இறங்காது; மேற்குப் பக்கம் திறந்து கிடப்பதால்தான் கண்டவர்களும் உள்ளே வருகிறார்கள், அந்தப் பக்கம் கம்பி வேலி போட்டுவிட வேண்டும் என்று முடிவானது. லாரி, பொக்லைன் வர ஒரு பெரிய கேட், அதற்குப் பூட்டு. ஆட்கள் நடந்து போக மட்டும் ஒரு சின்ன வழி. பைக் நுழையக் கூடாது.

அந்த வழியை நான் செய்கிறேன் என்று கை தூக்கினேன்.

பட்டறையில் மீந்த பைப்புகளைக் கேட்டு வாங்கி, மூன்று நாள் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து செய்தேன். பாம்பு மாதிரி வளைந்து போகிற வழி. டேப்பை எடுத்து என் பைக்கின் ஹேண்டிலை அளந்து, அதைவிட ஒரு கையகலம் குறைவாக இடம் விட்டேன். பிறகு நானே உள்ளே புகுந்து வெளியே வந்து பார்த்தேன். நான் போக முடிந்தது, என் பைக் போகவில்லை. சரியாக இருக்கிறது என்று முடிவு செய்தேன். திறப்பு விழாவில் தேங்காய் உடைத்து கேசரி கொடுத்தார்கள். ஃபோர்மேன் ஒவ்வொரு ஜாயின்டாகத் தடவிப் பார்த்து, "ஒரு நூல் பிசகலைப்பா" என்றார். தொழிற்சாலையில் ஆயிரம் வெல்டிங் பார்த்த கை அது. அந்த இரவு முழுக்க எனக்கு அந்த வார்த்தைதான் காதில் கேட்டது.

மறுநாள் சாயந்திரம் வேலை முடிந்து அந்த வழியாக வந்தேன். என் வாசலின் முதல் வளைவில் தையல் அத்தையின் வண்டிச் சக்கரம் சிக்கி நின்றது. பின்னால் ஆட்டுக்கார அக்கா குடத்தோடு நின்றார்.

"அண்ணே, இதை யாரு செஞ்சது?"

"நான்தாம்மா." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. என்னைத் தவிர யாரு வேணா போகலாம்."

"ஆடுகூடப் போகுதுண்ணே" என்றார் அக்கா. "இப்பதான் ரெண்டு போச்சு. ஆடு உள்ள நிக்குது, கன்னுக்குத் தண்ணி ஊத்துறவ வெளிய நிக்குறா. நல்ல பாதுகாப்பு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வழி இருக்கிறதே என்று சொன்னேன். "பெரிய கேட் சாவி சார்கிட்ட இருக்கும்மா. கேட்டா குடுப்பாரு. வாங்கித் திறந்துக்கங்க."

ஃபோர்மேன் கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. தினமும் அத்தை இரண்டு தெரு சுற்றி அவர் வீட்டுக்குப் போவார். வாசலில் மூன்று படி, அதனால் ரோட்டில் நின்றபடியே "சார், சாவி" என்று குரல் கொடுப்பார். அவர் தூங்கி எழுந்து வரும் வரை வெயிலில் காத்திருப்பார். "ஆறு மணிக்குள்ள திருப்பிக் குடுத்துடணும்மா" என்று சொல்லி அவர் சாவியைக் கொடுப்பார். தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் ஆறு மணி ஆகிவிடும். இப்படியே ஓடியது.

சித்திரை பிறந்தது. அந்த வருஷம் கத்திரிக்கு முன்னாலேயே வெயில் கொதித்தது. ஃபோர்மேன் தேர்த் திருவிழாவுக்கு ஸ்ரீரங்கம் போனார். அங்கே அவர் மகள் வீடு இருக்கிறது, ஒரு வாரம் தங்குவது வழக்கம். அவருடைய சாவிக் கொத்து எப்போதும் இடுப்பிலேயே இருக்கும். குளத்துச் சாவியும் அதில்தான் இருந்தது.

நாலாம் நாள் சாயந்திரம் தையல் அத்தை நம் வீட்டுக்கு வந்தார். படி ஏற முடியாமல் வாசலிலேயே வண்டியை நிறுத்தினார். அம்மா தண்ணீர் கொடுத்தார், வாங்கிக் குடித்தார். மடியில் ஒரு நாவல் கன்று கிடந்தது. இலை எல்லாம் சுருண்டு, தொட்டால் பொடியும் போல இருந்தது. அதில் ஒரு சிவப்புத் துணி.

"அக்கா உள்ள போய்ப் பிடுங்கிட்டு வந்தாங்க. இது செத்துப் போச்சு. ரெண்டு வருஷம் என் வாசல்ல இருந்த கன்னுண்ணே. அக்கா ஒத்த ஆளா ரெண்டு கையில ரெண்டு குடம் தூக்கி எத்தனைக்கு ஊத்துவாங்க? சாவி எங்க இருக்கு தெரியுமா? தேர் பாக்கப் போயிருக்கு."

"நான் போன் பண்றேம்மா."

"போன் பண்ணுங்க. அப்படியே ஒண்ணு கேளுங்க. குளம் என்ன அவங்க வீட்டு பீரோவா, சாவி வாங்கித் திறக்க?" கன்றைத் திண்டில் வைத்தார். "மீதி இருக்கறது இன்னும் ரெண்டு நாள் தாங்கும். அதுக்கு மேல ஒண்ணும் இருக்காது. நீங்க செஞ்ச வாசல், நீங்களே சொல்லுங்க என்ன பண்றதுன்னு."

ஃபோர்மேனுக்குப் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரச் சத்தம். "இருப்பா, ஞாயித்துக்கிழமை வந்துடறேன். மீட்டிங் போட்டுப் பேசி முடிவு பண்ணுவோம். ஒருத்தருக்காக மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார்.

"சார், கன்னு மீட்டிங் வரைக்கும் இருக்காது" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அன்று நானும் குடம் எடுத்தேன். அக்காவும் நானும் குளத்தில் மொண்டு மொண்டு கரைக்கு ஏறினோம். எந்தக் கன்றுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. வேலிக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்து அத்தை கத்திக்கொண்டே வந்தார்.

"சிவப்புக்கு ரெண்டு மக்குண்ணே! அது பச்சை, விடுங்க, அதுக்கு நாளைக்கு! மஞ்சளுக்கு ஒண்ணு போதும், அழுகிடும்!"

சிவப்பு என்றால் தினமும் தண்ணீர். பச்சை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். மஞ்சள் என்றால் குறைவாக. பிளவுஸ் வெட்டிய துண்டுகளை வைத்து ஒரு முழுக் குளக்கரைக்கும் கணக்கு வைத்திருந்தார். அதைத்தான் நாங்கள் குப்பை என்று மூட்டை கட்டினோம். குடத்தைக் கீழே வைத்து நான் நிமிரவே கொஞ்ச நேரம் ஆனது.

திரும்பும்போது அக்காவிடம் கேட்டேன். "ஏங்க்கா, இவ்வளவு வேலை செய்யறீங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் வர்றதில்ல?"

அவர் நின்று என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு நான் எங்க இருக்கேன்? உங்க வாசலைத்தானே கூட்டிக்கிட்டு இருக்கேன்? எங்க வரிசையில பாதிப் பேரு அப்ப உங்க தெருவுலதாண்ணே இருக்கோம்."

வீட்டுக்கு வந்ததும் வருகை நோட்டை எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக 'வரவில்லை', 'வரவில்லை'. எல்லாம் என் கையெழுத்து.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே தண்ணீர் ஊற்றினோம். ஃபோர்மேன் திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போனேன். மீட்டிங் போடுவோம், ஆனால் நாலு மணிக்குப் போடுவோம், மேற்குக் கரையில் போடுவோம் என்றேன்.

"அந்தப் பக்கமா? நிழல் ஏதுப்பா அங்க?"

"புளியமரம் இருக்கு சார். வந்து பாருங்க, நல்ல நிழல்."

அவர் யோசித்தார். பிரசாத டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு துண்டு கொடுத்தார். "சரி, நாலு மணின்னா நாலு மணி. லேட் பண்ணக் கூடாது."

யாரும் லேட் பண்ணவில்லை. மேற்குக் கரையிலிருந்து மட்டும் இருபது பேருக்கு மேல் வந்தார்கள், அத்தனை பேரை எங்கள் குழுவில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை. எங்களுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஃபோர்மேன் ஆரம்பித்தார். வேலி யாரையும் தடுக்கப் போட்டது இல்லை, குப்பை கொட்டுகிறவர்களைத் தடுக்கத்தான், அதை நீங்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

"கொட்டுறவங்களை நாங்க பாத்திருக்கோம் சார்" என்றார் ஆட்டுக்கார அக்கா. "குட்டி யானைன்னு சொல்லுவாங்களே, அந்தச் சின்ன லோடு வண்டிதான். மத்தியானம் மூணு மணிக்கு வரும். உங்க பக்கம் எல்லாரும் தூங்குற நேரம். நான் ஆட்டோட இங்கதான் நிப்பேன்."

"யாருன்னு சொல்லுங்கம்மா. இப்பவே புகார் குடுப்போம்."

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "நீல டைல்ஸு சார். வெள்ளைப் பூ போட்டது. வண்டிக்காரனைக் கேட்டேன், யாரு வீட்டு வேலைடான்னு."

எங்கள் பக்கத்தில் ஒருவர் இருமினார். ஃபோர்மேன் வீட்டில் பங்குனியில் குளியலறை இடித்துக் கட்டினார்கள். தெருவுக்கே தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றினார், சட்டையில் துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை.

"எங்க வீட்டு டைல்ஸ்தான்" என்றார். "காண்ட்ராக்டர் வெளியூர்ல கொண்டுபோய்க் கொட்டுறேன்னான்."

"கொட்டிட்டான் சார்" என்றார் தையல் அத்தை. "உங்களுக்கு அது வெளியூர். எங்களுக்கு வாசல்."

"அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"யாருகிட்ட சார்? எப்ப? ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் ஃபோர்மேனும் சிரித்தார். ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிடவில்லை. வேலி இருக்கட்டும் என்றார், அதில் பிடிவாதமாக இருந்தார். வாசலை மாற்றலாம், அதற்குப் பூட்டு வேண்டாம், மத்தியானம் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதை மேற்குக் கரைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், வண்டி நம்பரைக் குறித்துக் குழுவில் சொல்வார்கள், கூட்டமும் ஞாயிற்றுக்கிழமை வேலையும் இனி சாயந்திரம் நாலு மணிக்கு. இவ்வளவும் முடிவானது. சாவியை அவரே கொத்திலிருந்து கழற்றி அத்தையின் கையில் கொடுத்தார். பெரிய கேட்டுக்கு லாரி வந்தால் இனி அத்தையிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, கேஸ் கட்டரோடு போனேன். நான் போட்ட ஜாயின்டுகளை நானே வெட்டினேன். ஒரு நூல் பிசகாத வேலை. வெட்டும்போது வலிக்கத்தான் செய்தது, ஆனால் கை நிற்கவில்லை. புது கேட்டுக்கு அத்தையின் வண்டியை அளக்க டேப்பை எடுத்தேன்.

"இருங்கண்ணே. கேனோட அளங்க. வெறும் வண்டியாவா நான் போவேன்?"

கேனோடு அளந்தேன். குட்டி யானை நுழையாது, அவர் வண்டி தாராளமாக நுழையும். கேட்டை மாட்டி, கொக்கியும் வைத்து, திறந்து பாருங்கள் என்றேன். அவர் வண்டியில் இருந்தபடி கையை நீட்டினார். விரல் நுனிகூட எட்டவில்லை. கொக்கி என் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

"அண்ணே, மறுபடியும் உங்களையே அளந்துட்டீங்க."

அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். நான் கொக்கியை வெட்டி எடுத்தேன். இந்தத் தடவை நான் இடம் பார்க்கவில்லை. அத்தை கை வைத்த இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, அங்கேயே வைத்தேன். அது ஆறி முடிந்த நேரம் ஃபோர்மேன் வந்தார். திறக்கக் குனிந்தார்.

"என்னப்பா இது, இடுப்பு ஒடியுது."

"குனிங்க சார்" என்றார் தையல் அத்தை. "நாங்க எவ்வளவு நாள் எட்டி எட்டிப் பாத்தோம்."

நாவல் கன்றுகளில் பாதி அந்தச் சித்திரையில் போய்விட்டது. அவை திரும்பி வரவில்லை. அத்தை அந்தக் குழிகளிலேயே அடுத்த மழைக்கு வேறு கன்று வைத்தார். மருதும் புங்கனும் பிழைத்துக்கொண்டன. நீங்கள் ஊஞ்சல் கட்டச் சொல்லிக் கேட்கிற புங்கன், நான் குடம் தூக்கி ஊற்றியதில் ஒன்று. அது மஞ்சள் துணி. கோழிக் கழிவு மூட்டை இன்னும் எப்போதாவது வருகிறது, ஆனால் வண்டி நம்பரும் கூடவே வந்துவிடுகிறது. நீல டைல்ஸ் முழுவதையும் ஃபோர்மேன் தாத்தா கையுறை போட்டுக்கொண்டு இரண்டு ஞாயிறு பொறுக்கினார். உதவிக்குப் போனவர்களை வேண்டாம் என்றார்.

வருகை நோட்டு இப்போது அத்தையிடம் இருக்கிறது. பட்டறையில் வேலை நீண்டு நான் போக முடியாத நாளில், என் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதுவதில்லை. 'ஏன் என்று கேட்க வேண்டும்' என்று எழுதுவார். மறுநாள் கேட்டும்விடுவார்.

சின்னவளே, போன வாரம் நீ கேட்ட அன்று, பதில் சொல்வதற்குள் நீயே கொக்கியை எடுத்து கேட்டைத் திறந்துவிட்டாய். உனக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. எக்கவும் வேண்டியிருக்கவில்லை. பின்னால் அத்தையின் வண்டி வந்தது. நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய், அவர் கேனோடு உள்ளே போனார்.